காற்றுச் சுரங்கத்தை வகுப்பறையாக்கிய லுட்விக் பிராண்டில் (1875 - 1953)



உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ உள்ள மின்விசிறியை நிறுத்திவிட்டு அதன் அலகுகளைக் கவனித்துப் பாருங்கள். பல மாதங்களாகத் துடைக்கப்படாத விசிறியாயின் அலகுகளில் தூசி படிந்திருப்பதைக் காண்பீர்கள். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் சுழலும் அலகு அது. அறை முழுவதற்கும் காற்றுத் தருவதும் அதுவே. அப்படியிருக்க, அதன் மேலுள்ள தூசியைக் காற்று ஏன் அடித்துச் செல்லவில்லை?

இந்தச் சிறிய கேள்விக்குரிய விடை, ஆகாய விமானத்தின் சிறகு, மோட்டார் வாகனத்தின் வடிவம், தொங்குபாலத்தின் உறுதி ஆகிய அனைத்துடனும் தொடர்புடையது. அவ்விடையைக் கண்டறிந்து, அதைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து காட்டி, மாணவர் பரம்பரை ஒன்றுக்கே கற்றுக்கொடுத்தவர் ஜேர்மனியப் பேராசிரியர் லுட்விக் பிராண்டில் ஆவார். அவரது வாழ்க்கையை இப்பகுதியில் கற்போம்.

1. இளமையும் கல்வியும்

பிராண்டில் 1875ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆம் திகதி ஜேர்மனியின் பவேரியாவிலுள்ள பிரைசிங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் பிராண்டில் அவ்வூருக்கு அருகிலிருந்த விவசாயக் கல்லூரியில் பொறியியல் கற்பித்த பேராசிரியர். தாயார் நீண்டகாலம் நோயுற்றிருந்தமையால் சிறுவன் லுட்விக் தந்தையாருடனேயே பெரும்பொழுதைக் கழித்தான். இயற்கையில் காணும் எதையும் உற்று நோக்கி, அது ஏன் அவ்வாறு நிகழ்கின்றது என்று சிந்திக்கும் பழக்கத்தைத் தந்தையார் அவனிடம் வளர்த்தார். பிற்காலத்தில் அவரைப் பெரிய விஞ்ஞானியாக்கியது இந்தப் பழக்கமே.

1894ஆம் ஆண்டில் மியூனிச் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் சேர்ந்த பிராண்டில், அங்கு ஓகஸ்ட் பெப்பல் என்னும் புகழ்பெற்ற பொறியியற் பேராசிரியரிடம் கற்றார். 1900ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது ஆய்வு காற்றைப் பற்றியதோ நீரைப் பற்றியதோ அன்று. சுமை ஏற்றப்பட்ட வளைகள் பக்கவாட்டில் சரிவதைப் பற்றியது. காற்றின் பக்கம் அவரைத் திருப்பியது ஒரு தொழிற்சாலையில் நேர்ந்த தோல்வியாகும்.

2. தொழிற்சாலை கற்பித்த பாடம்

பட்டம் பெற்றதும் பிராண்டில் நூரம்பேர்க் நகரிலுள்ள இயந்திரத் தொழிற்சாலையொன்றில் பொறியியலாளராகச் சேர்ந்தார். வேலைத்தளத்தில் சேரும் சீவல்களைக் குழாய்வழியே உறிஞ்சி அகற்றும் சாதனத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குழாயைப் படிப்படியாக அகலமாக்கினால் வளியின் வேகம் குறையும், அமுக்கம் கூடும் என்பது அக்காலக் கொள்கை. பிராண்டில் அவ்வாறே குழாயை அமைத்தார். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அமுக்கம் கூடவில்லை. குழாயின் சுவரோடு ஒட்டிச் செல்லவேண்டிய வளியோட்டம் சுவரை விட்டு விலகிச் சென்றதே இதற்குக் காரணம்.

அவர் சாதனத்தை வேறு விதமாகத் திருத்தி வேலையை நிறைவேற்றினார். சாதனம் முன்னதைவிடச் சிறப்பாக இயங்கியது. பலர் அத்துடன் அதை மறந்திருப்பார்கள். ஆனால் வளியோட்டம் சுவரை விட்டு ஏன் விலகியது என்னும் கேள்வியைப் பிராண்டில் மறக்கவில்லை. 1901ஆம் ஆண்டில் ஹனோவர் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் பேராசிரியரானபோது அக்கேள்வியையும் உடன் கொண்டு சென்றார்.

3. பத்து நிமிட உரை

அக்காலத்தில் பாய்பொருள்களைப் பற்றிய அறிவு இரண்டு கூறுகளாகப் பிரிந்து கிடந்தது. கணிதவியலாளர்கள் உராய்வு இல்லாத பாய்பொருள் ஒன்றைக் கற்பனை செய்து அழகான சமன்பாடுகளை எழுதினார்கள். அச்சமன்பாடுகளின்படி, சீராகப் பாயும் வளியில் வைக்கப்பட்ட கோளம் எவ்விதத் தடைவிசையையும் உணராது! 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டலம்பேர் கண்ட முரண்பாடு இது. சைக்கிளில் எதிர்காற்றுக்கு மிதித்துச் செல்லும் எவரும் இது உண்மையன்று என்பதை அறிவார்கள். மறுபுறம் பொறியியலாளர்கள் கொள்கையைக் கைவிட்டு, அளந்து பெற்ற எண்களை மட்டும் நம்பினார்கள்.

இவ்விரு கரைகளையும் இணைக்கும் பாலத்தைப் பிராண்டில் அமைத்தார். அதற்கு அவர் பயன்படுத்திய கருவி மிக எளியது. சிறியதொரு நீர்த்தொட்டி, அதில் நீரைச் சுற்றியோடச் செய்வதற்குக் கையால் சுழற்றும் துடுப்புச் சில்லு. நீரில் நுண்ணிய பளபளப்பான கனிமத் துகள்களைத் தூவி, தடைப்பொருள்களைச் சுற்றி நீர் எவ்வாறு பாய்கின்றது என்பதைப் பார்த்தார், புகைப்படமும் எடுத்தார்.

1904ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஹைடெல்பேர்க் நகரில் நடைபெற்ற மூன்றாவது சர்வதேசக் கணிதவியலாளர் மாநாட்டில் அவருக்குப் பத்து நிமிடங்கள் வழங்கப்பட்டன. அந்தப் பத்து நிமிடங்களில் அவர் கூறிய கருத்து இதுவே: திண்மப் பரப்பைத் தொடும் பாய்பொருள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றது. அங்கு அதன் வேகம் பூச்சியம். பரப்பிலிருந்து சிறிது விலகியதும் வேகம் முழு அளவை அடைகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய படையே எல்லைப்படை எனப்படும். உராய்வின் விளைவு முழுவதும் இப்படையினுள்ளேயே அடங்கியுள்ளது. இதற்கு வெளியே கணிதவியலாளரின் உராய்வற்ற சமன்பாடுகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இப்போது விசிறியின் அலகிலுள்ள தூசியை நினைத்துப் பாருங்கள். அலகை ஒட்டியுள்ள வளி அலகுடன் சேர்ந்தே சுழல்கின்றது. தூசியின் பார்வையில் அங்கு காற்றே வீசவில்லை!

எல்லைப்படை சில இடங்களில் வேகத்தை இழந்து, பரப்பை விட்டுப் பிரிகின்றது என்பதையும் பிராண்டில் விளக்கினார். தொழிற்சாலைக் குழாயில் நிகழ்ந்ததும் இதுவே. அச்சிடப்பட்டபோது அவரது உரை எட்டுப் பக்கங்களையே கொண்டிருந்தது. அதன் பெறுமதியை அன்றே உணர்ந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் பீலிக்ஸ் கிளைன். அவரது முயற்சியால் பிராண்டில் அதே ஆண்டில் கெட்டிங்கனுக்கு வந்து சேர்ந்தார். வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழித்தார். 1909ஆம் ஆண்டில் தமது ஆசிரியர் பெப்பலின் மகள் கெர்ட்ரூட்டை மணந்தார். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

4. கெட்டிங்கனின் காற்றுச் சுரங்கம்

விமானத்தைக் காற்றினூடாகச் செலுத்தினாலும், விமானத்தை நிறுத்திவைத்து அதன்மீது காற்றைச் செலுத்தினாலும் விசை ஒன்றே. காற்றுச் சுரங்கத்தின் அடிப்படைத் தத்துவம் இவ்வளவுதான். முதலாவது காற்றுச் சுரங்கத்தை 1871ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் வென்ஹாம் அமைத்தார். அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1901ஆம் ஆண்டில் ஒரு மரப்பெட்டியைச் சுரங்கமாக்கிச் சிறகு வடிவங்களைச் சோதித்தார்கள்.

ஜேர்மனியில் வான்கப்பல்களை ஆராய்வதற்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டபோது, அதன் உதவியுடன் பிராண்டில் கெட்டிங்கனில் காற்றுச் சுரங்கமொன்றை நிறுவினார். 1908ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கியது. தற்காலிகமானது என்று கருதியே அக்கட்டடம் எழுப்பப்பட்டது. பரிசோதனைப் பகுதி 2 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் உடையது. ஏறத்தாழ 34 குதிரைவலுவுள்ள மின்மோட்டர் விசிறியைச் சுழற்றியது. காற்றின் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர்.

இச்சுரங்கத்தின் சிறப்பு அதன் வடிவமாகும். காற்று ஒரு முனையால் புகுந்து மறு முனையால் வெளியேறி வீணாவதில்லை. மூடிய வளையமொன்றினுள் மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றது. காற்றைச் சீராக்குவதே இவ்வகைச் சுரங்கத்தில் கடினமான பணி. கெட்டிங்கன் முறையில் வளர்ச்சியடைந்த சுரங்கமொன்றின் பகுதிகளைப் பின்வருமாறு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

(அ) விசிறி: காற்றை ஓடச் செய்கின்றது.
(ஆ) திசைதிருப்பும் தகடுகள்: மூலைகளில் காற்று சுழியாகாமல் திரும்புவதற்கு உதவுகின்றன.
(இ) தேன்கூட்டு அமைப்பு: தேன்கூட்டின் அறைகளைப் போன்ற சிறு குழாய்களினூடாகச் செல்லும் காற்று நேராகின்றது.
(ஈ) ஒடுங்கும் பகுதி: பாதை ஒடுங்குவதால் வேகம் கூடுகின்றது; ஓட்டமும் மேலும் சீராகின்றது.
(உ) பரிசோதனைப் பகுதி: மாதிரியுரு வைக்கப்படும் இடம்.
(ஊ) தராசு: மாதிரியுருவின் மீது தாக்கும் உயர்த்துவிசையையும் தடைவிசையையும் அளக்கின்றது.
(எ) அகலும் பகுதி: காற்றின் வேகத்தைக் குறைத்து விசிறிக்கு மீண்டும் கொண்டு செல்கின்றது.

முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1917ஆம் ஆண்டில், இதைவிடப் பெரியதும் வேகமானதுமான சுரங்கமொன்று கெட்டிங்கனில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் அமைப்பைப் பின்பற்றி உலகின் பல பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் சுரங்கங்களை அமைத்தன. கெட்டிங்கன் வகை என்னும் பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

5. இரண்டு சுரங்கங்கள், இரண்டு விடைகள்

இனிக் கூறப்போவதே இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி. கவனமாக வாசியுங்கள்.

பாரிஸ் நகரின் உயர்ந்த கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈபெல் தமது முதுமையில் காற்றின் விசையை ஆராய்ந்தார். அவரும் ஒரு காற்றுச் சுரங்கத்தை வைத்திருந்தார். கோளமொன்றின் தடைவிசையை அவரும் அளந்தார், கெட்டிங்கனிலும் அளந்தார்கள். வேகத்துக்கும் பருமனுக்கும் ஏற்றவாறு ஒப்பிட்டபோது, ஈபெலின் பெறுமானம் கெட்டிங்கனின் பெறுமானத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தது. ஒரே வடிவம், ஒரே வளி, ஆனால் இரண்டு விடைகள்!

நீங்கள் ஆய்வுகூடத்தில் பெற்ற விடை அருகிலுள்ள நண்பரின் விடையிலிருந்து வேறுபட்டால் என்ன செய்வீர்கள்? நண்பர் தவறு செய்துவிட்டார் என்று எண்ணுவது இயல்பு. கெட்டிங்கனிலும் முதலில் அவ்வாறே எண்ணினார்கள். ஈபெலின் கணிப்பில் பிழை புகுந்திருக்கலாம் என்று கருதினார்கள். ஈபெல் கோபிக்கவில்லை. 1912ஆம் ஆண்டில் வெவ்வேறு வேகங்களில் மீண்டும் அளந்தார். வேகம் ஒரு குறித்த அளவைத் தாண்டியதும் பெறுமானம் திடீரெனக் குறைவதைக் கண்டு வெளியிட்டார். ஆகவே இரு தரப்பினரும் சரியாகவே அளந்திருந்தார்கள்! ஆனால் ஏன் இவ்வாறு நிகழ்கின்றது?

விளக்கம் பிராண்டிலிடமிருந்து 1914ஆம் ஆண்டில் வந்தது. எல்லைப்படை இரண்டு வகையாக இருக்கலாம். ஒன்று, ஒழுங்காகப் பாய்வது. மற்றையது, கொந்தளிப்பாகப் பாய்வது. ஒழுங்கான படை விரைவில் வலுவிழந்து கோளத்தை விட்டுப் பிரிந்துவிடும். அதனால் கோளத்தின் பின்னால் அகன்ற சுழிப்பகுதி உண்டாகும். அங்கு அமுக்கம் குறைவதால் தடைவிசை பெரிதாகும். கொந்தளிப்பான படை வெளியிலுள்ள வேகமான வளியுடன் கலந்து புதுவலுப் பெறுகின்றது. ஆகவே அது கோளத்தை நெடுந்தூரம் ஒட்டிச் செல்கின்றது. பின்னாலுள்ள சுழிப்பகுதி ஒடுங்குகின்றது, தடைவிசையும் குறைகின்றது.

இது சரியாயின், கொந்தளிப்பைச் செயற்கையாக உண்டாக்கினாலும் தடைவிசை குறைய வேண்டும் அல்லவா? பிராண்டில் கோளத்தின் முன்பாதியில் மெல்லிய கம்பி வளையமொன்றைப் பொருத்தினார். கரடுமுரடாக்கினால் தடை கூடும் என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் தராசு தடைவிசை வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. ஒரு துண்டுக் கம்பி இரு நாட்டு ஆய்வாளர்களின் முரண்பாட்டைத் தீர்த்துவைத்தது.

கொல்ப் பந்தில் குழிகள் இருப்பது இதனாலேயே. கிரிக்கெட்டில் புதிய பந்து காற்றில் வளைந்து செல்வதும் இதனாலேயே. சாய்வாகப் பிடிக்கப்பட்ட தையல் ஒரு பக்கத்து எல்லைப்படையைக் கொந்தளிக்கச் செய்கின்றது. மறுபக்கத்துப் படை ஒழுங்காகவே இருக்கின்றது. இரு பக்கங்களிலும் வளி வெவ்வேறு இடங்களில் பிரிவதால் பந்து ஒரு பக்கமாகத் தள்ளப்படுகின்றது.

6. ஆசிரியர் பிராண்டில்

பிராண்டில் மேடையில் கவர்ச்சியாகப் பேசும் ஆற்றல் உடையவர் அல்லர். ஒரு வசனத்தைக் கூறியதும் அதன் குறையை உணர்ந்து திருத்துவார், திருத்தியதையும் திருத்துவார். எனினும் அவரிடம் கற்பதற்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். அவர்கள் கற்றது பெரும்பாலும் கருவிகளின் அருகிலேயே.

ஓர் உதாரணம்: ஹீமென்ஸ் என்ற மாணவர் நீரோட்டத்தில் வைத்த உருளையைச் சுற்றி ஆராய்ந்தார். ஓட்டம் ஓயாது இருபுறமும் ஊசலாடியது. உருளை சரியான வட்டமாக இல்லாதிருக்கலாம் என்று பிராண்டில் கூறினார். உருளையைத் திருத்தியும் ஊசல் நிற்கவில்லை. நீர்க்காலைத் திருத்தியும் நிற்கவில்லை. அங்கிருந்த இளம் ஆய்வாளர் தியடோர் வொன் கார்மான், அது கருவியின் குறையன்று, இயற்கையின் விதி என்று சிந்தித்தார். உருளையின் பின்னால் சுழிகள் மாறி மாறித் தோன்றுவதை 1911ஆம் ஆண்டில் கணிதத்தால் விளக்கினார். அச்சுழி வரிசை இன்று கார்மானின் பெயரால் வழங்குகின்றது.

கார்மான் பின்னர் அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவகத்தின் காற்றியல் ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கினார். 1940ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி, திறக்கப்பட்டு நான்கு மாதங்களேயான டக்கோமா தொங்குபாலம் மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீற்றர் வேகக் காற்றில் முறுகி உடைந்தது. காரணத்தை ஆராய்ந்த குழுவில் கார்மானும் இருந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாலத்தின் மாதிரியுருக்கள் காற்றில் சோதிக்கப்பட்டன. அதன்பின் நீண்ட தொங்குபாலங்களின் மாதிரியுருக்களைக் காற்றுச் சுரங்கத்தில் சோதிப்பது வழக்கமாயிற்று.

சிறகு எவ்வாறு விமானத்தை உயர்த்துகின்றது என்பதற்கான கணிதக் கொள்கையையும் பிராண்டில் 1918, 1919ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். சிறகு நுனிகளில் தோன்றும் சுழிகளால் கூடுதல் தடைவிசை உண்டாகின்றது என்பதை அது காட்டியது. நீண்டு ஒடுங்கிய சிறகு சிறந்தது என்பது இதனால் விளங்கியது. 1925ஆம் ஆண்டில் பாய்ச்சல் ஆராய்ச்சிக்கென அமைக்கப்பட்ட நிறுவனத்துக்கு அவர் பணிப்பாளரானார்.

7. இருண்ட காலம்

1933ஆம் ஆண்டில் ஹிட்லரின் நாசி ஆட்சி தொடங்கியது. யூத இனத்தவர் என்ற காரணத்தால் மக்ஸ் போர்ன், ரிச்சர்ட் கூரான்ட், எமி நோதர் போன்ற பேரறிஞர்கள் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து அகற்றப்பட்டார்கள். அதே வேளையில் விமானப்படையைப் பெருக்க விரும்பிய அரசு, காற்றுச் சுரங்கங்களுக்குப் பெருந்தொகைப் பணத்தை வழங்கியது. பிராண்டிலின் ஆய்வுகூடங்கள் வளர்ந்தன. அருகிலிருந்த வகுப்பறைகள் வெறுமையாயின.

பிராண்டில் நாசிக் கட்சியில் சேரவில்லை. பௌதிகவியலாளர் ஹைசன்பேர்க் தாக்கப்பட்டபோது அவருக்காக 1938ஆம் ஆண்டில் ஆட்சியின் பலம்வாய்ந்த தலைவர் ஹிம்லருக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் அவர் ஆட்சியை எதிர்த்து நிற்கவில்லை. வெளிநாட்டு நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அதற்காக வாதாடினார். போர்க்கால விமான ஆராய்ச்சியில் உயர்ந்த ஆலோசனைப் பதவியையும் வகித்தார். கோளத்தின் தடைவிசையில் சிறு முரண்பாட்டையும் விட்டுவைக்காத அறிஞர், தம்மைச் சுற்றி நிகழ்ந்த பெரும் அநீதியின்முன் அதே நேர்மையுடன் கேள்வி எழுப்பவில்லை. அவரது வாழ்க்கையைக் கற்கும் நாம் இதனையும் மறைக்காமல் கற்க வேண்டும்.

போர் 1945ஆம் ஆண்டில் முடிந்தபின் பிரித்தானியரின் கட்டுப்பாட்டில் இருந்த கெட்டிங்கனின் காற்றுச் சுரங்கங்கள் கழற்றப்பட்டு, கருவிகள் பல நாட்டைவிட்டுக் கொண்டு செல்லப்பட்டன. முதுமையில் பிராண்டில் வானிலை தொடர்பான பாய்ச்சல்களைப் பற்றிச் சிந்தித்தார். 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி கெட்டிங்கனில் காலமானார். நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோதும் பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் காற்றியல் கற்பிக்கப்படும் பல்கலைக்கழகம் எதிலும் அவரது பெயரைக் கேளாமல் ஒரு மாணவன் வெளியேற முடியாது.

மாணவர்களே, பிராண்டில் தமது புகழைத் தொடங்கியது கையால் சுழற்றும் நீர்த்தொட்டியுடன். பெரியதொரு முரண்பாட்டைத் தீர்த்தது ஒரு துண்டுக் கம்பியுடன். உங்கள் ஆய்வுகூடத்தில் விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எதிர்பார்த்த விடை வராதபோது அதனை அழித்துவிட்டு நண்பரின் விடையைப் பார்த்து எழுதாதீர்கள். அது ஏன் வேறுபட்டது என்று கேளுங்கள். கற்றல் அந்த இடத்திலேயே தொடங்குகின்றது.

நினைவில் வைத்திருக்க வேண்டியவை

• 1875 - பிரைசிங்கில் பிறப்பு
• 1904 - எல்லைப்படை பற்றிய உரை, கெட்டிங்கனுக்கு வருகை
• 1908 - கெட்டிங்கனின் முதலாவது காற்றுச் சுரங்கம்
• 1914 - கோளமும் கம்பி வளையமும்
• 1917 - பெரிய காற்றுச் சுரங்கம்
• 1918, 1919 - சிறகுக் கொள்கை
• 1925 - பாய்ச்சல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளர்
• 1953 - மறைவு

மீட்டல் வினாக்கள்

1. எல்லைப்படை என்றால் என்ன? விசிறி அலகில் தூசி தங்குவதை அதைக் கொண்டு விளக்குக.
2. காற்றுச் சுரங்கத்தில் தேன்கூட்டு அமைப்பும் ஒடுங்கும் பகுதியும் ஆற்றும் பணிகள் யாவை?
3. செக்கனுக்கு 10 மீற்றர் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றருக்குச் சமம் எனக் காட்டுக.
4. ஈபெலும் கெட்டிங்கன் ஆய்வாளரும் வெவ்வேறு விடைகளைப் பெற்றதேன்? பிராண்டில் அதை எவ்வாறு நிரூபித்தார்?
5. சிறந்த விஞ்ஞானி ஒருவர் சமூகத்துக்கும் பொறுப்புடையவர் என்பதைப் பிராண்டிலின் வாழ்க்கையை ஆதாரமாகக் கொண்டு ஆராய்க.

(குறிப்பு: 4ஆம் வினாவுக்கு விடையளிக்கும்போது எல்லைப்படையின் இரு வகைகளையும் வேறுபடுத்திக் காட்டிய பின்னரே கம்பி வளையத்தைப் பற்றி எழுதுக. காரணத்தைக் கூறாது நிகழ்வை மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது.)